பழைய மின்சாரக் கார்: எவ்வளவு ஓடியது என்றல்ல, எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்

இரண்டு மாதத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமை காலை, தங்கச்சியின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு காரின் படம் அனுப்பியிருந்தான். வெள்ளை நிற நிஸான் லீஃப், 2014 மொடல். படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தான்: "மாமா, 58,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கு. யப்பானிலை ஒரு வயசான மனிசி ஓட்டினதாம். 6,500 டொலர். எடுக்கவா?"

அவன் இங்கே வந்து பதினாலு மாதம். ஆக்லாந்து நகர மையத்தில், ஹொப்சன் வீதியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இரண்டு பொடியங்களோடு பகிர்ந்து இருக்கிறான். வேலை மாங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில், இரவு வேலை. போக வர 44 கிலோமீற்றர். விடியப்புறம் மூன்று மணிக்கு வேலை முடிந்தால் பஸ் பிடிக்க வழியில்லை. ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் பிடித்த காசு எல்லாம் சேர்த்தால் ஏழாயிரம் டொலர். அதில் 6,500ஐத்தான் அந்தக் காரில் போடப் போகிறான்.

போன் எடுத்துக் கேட்டேன். "பற்றரி எவ்வளவு மிச்சம் இருக்கு எண்டு கேட்டியா?"

"பன்னிரண்டு கட்டமும் இருக்கு மாமா. ஃபுல்."

எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ஏனென்றால் நானும் ஒருகாலத்தில் "கட்டம் நல்லா இருக்கு" என்ற ஒரு சொல்லை நம்பிக் கார் வாங்கினவன்தான்.

ஆமை விளக்கு

2017இல் நான் வாங்கினது 2012 மொடல் லீஃப். விற்றவர் சொன்னார், ஒருக்கால் சார்ஜ் பண்ணினால் 200 கிலோமீற்றர் போகும் என்று. யப்பானியக் காகிதத்திலும் 200 என்றுதான் இருந்தது. நடுத்திரை முழுக்க யப்பான் எழுத்து, வானொலியில் இங்குள்ள அலைவரிசைகளில் பாதி வராது. அதெல்லாம் பெரிய விசயமில்லை என்று எடுத்தாச்சு. முன் தட்டில் பன்னிரண்டு சின்னக் கட்டத்தில் பத்து தெரிந்தது. அது பெற்றோல் முள் மாதிரி ஏதோ என்றுதான் நினைத்தேன்.

ஜூலை மாதம், நல்ல குளிர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பாப்பாக்குராவில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். நகர மையத்திலிருந்து ஒரு வழி 33 கிலோமீற்றர் வரும். வேகச் சார்ஜரில் 80 வீதம் ஏற்றியிருந்தேன். 200இல் 80 வீதம் 160 கிலோமீற்றர், போக வர 66. கணக்குச் சரிதானே?

திரும்பி வரும்போது மாமிக்குக் குளிர் என்று ஹீற்றரைக் கூட்டினோம். மோட்டர்வேயில் நூறில் வந்தோம். பென்ரோஸ் தாண்டும்போது மிச்சத் தூரம் காட்டும் இடத்தில் இலக்கம் போய் மூன்று கோடுதான் நின்றது. கிரீன்லேன் வெளிவாசலுக்குக் கிட்ட முன் தட்டில் ஒரு ஆமைப் படம் எரிந்தது. லீஃப் காரில் பற்றரி அடியில் போனால் மோட்டரின் பலத்தைக் குறைத்துவிட்டு இந்த ஆமை விளக்கைப் போடும். பெயருக்கேற்ற வேகம்தான். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடிக்க, ஓரமாக ஊர்ந்து வெளியே வந்து ஒரு பெற்றோல் நிலையத்து வாசலில் நின்றோம். மாமி பிரசாதப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா, "தம்பி, பெற்றோல் நிலையத்துக்கு வந்திட்டம்தானே, இனி என்ன?"

இழுவை வண்டிக்குக் கொடுத்த காசு கிடக்கட்டும். அன்று இரவு இணையத்தில் தேடித்தான் அந்தப் பன்னிரண்டு கட்டத்தின் அர்த்தம் விளங்கியது. அது சார்ஜ் அளவு இல்லை. பற்றரியின் ஆயுள். முதல் கட்டம் போனால் கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதம் போய்விட்டது. அதன்பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு வீதத்துக்குச் சற்றுக் கூட. பத்துக் கட்டம் என்றால் புதிதாக இருந்த பற்றரியில் நாலில் ஒரு பங்கு இல்லை. நான் 200 கிலோமீற்றர் வண்டி என்று நினைத்து ஓட்டினது, குளிர்காலத்தில் ஐந்து பேரோடு எண்பது போனாலே பெரிய காரியம் என்ற வண்டி.

காகிதத்துத் தூரம் வேறு, றோட்டுத் தூரம் வேறு

இந்த 200 என்ற கணக்கு பொய் இல்லை. அது யப்பானியச் சோதனை முறைப்படி வந்த எண். அதே முதல் லீஃபுக்கு அமெரிக்கச் சோதனை கொடுத்தது 73 மைல், அதாவது 117 கிலோமீற்றர். 2017இல் வந்த 40 கிலோவாட் மணி லீஃபைப் பாருங்கள். யப்பானில் 400 கிலோமீற்றர், ஐரோப்பிய முறையில் 270, அமெரிக்க முறையில் 243. ஒரே கார், ஒரே பற்றரி, மூன்று எண். யப்பானிய முறை மெதுவான நகர ஓட்டத்துக்குச் சாதகமானது. ஆக்லாந்தின் மோட்டர்வேக்கு அமெரிக்க எண்தான் கிட்ட வரும்.

ஆனால் நியூசிலாந்துக்கு வந்த பழைய மின்கார்களில் பெரும்பங்கு யப்பானிலிருந்து வந்தவை. இங்கே கார் பொருத்திய தொழிற்சாலைகள் 1998உடன் மூடப்பட்டன. இரண்டு நாட்டிலும் இடது பக்க ஓட்டம், வலது பக்க ஸ்ரியரிங். அதனால் எங்கட ஆக்களின் முதல் கார் அநேகமாக யப்பானில் யாரோ ஓட்டிய கார்தான். கரோலா காலத்திலிருந்து அப்படி. கரோலாவுக்கு ஓடின தூரம் கேட்டால் பாதி விசயம் தெரிந்துவிடும். மின்காருக்கு அது போதாது.

இங்கே ஒரு கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். பற்றரியின் அளவு கிலோவாட் மணியில் இருக்கும். வீட்டு மின்சார பில்லில் நாங்கள் யூனிட் என்று சொல்வதும் இதுதான். 24 யூனிட் லீஃபில் உண்மையில் பாவிக்கக் கூடியது 21 மட்டில். அதில் 75 வீதம்தான் மிச்சம் என்றால் 16 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நகரத்துக்குள்ளே மெதுவாக ஓடினால் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீற்றர் கிடைக்கும். மோட்டர்வேயில் நூறில் போனால் ஐந்தரை. குளிர், மழை, ஹீற்றர், நாலைந்து பேர் என்றால் ஐந்து. பெருக்கிப் பாருங்கள். நான் அன்றைக்கு ஏற்றியிருந்த 80 வீதத்துக்கு வந்தது அறுபது சொச்சம் கிலோமீற்றர்தான். கிரீன்லேனில் நின்றதில் அதிசயமில்லை.

கேத்தில் அடியில் படிவு

பற்றரி ஏன் தேய்கிறது என்று என் மகள் கேட்டாள். அவள் இங்கே பிறந்தவள். "அப்பா, இது ஃபோன் பற்றரி மாதிரித்தானே?" என்றாள். ஓம், அதே லித்தியம் குடும்பம்தான். ஆனால் ஃபோனை மூன்று வருசத்தில் எறிந்துவிடுகிறோம், காரை எறிய முடியாது.

யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தவர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும். சுண்ணாம்புக் கல் நிலம், அதனால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கும். நாள் போகப் போகத் தடிக்கும். லித்தியம் பற்றரிக்குள்ளேயும் கார்பன் முனையின் மேல் அப்படி ஒரு படலம் வளர்கிறது. அந்தப் படலம் வளரும்போது கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. பூட்டுப்பட்ட லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. கொள்ளளவு குறைவதில் பெரும் பங்கு இதுதான்.

இந்தப் படலம் வண்டி ஓடினால் மட்டும் வளர்வதில்லை, சும்மா நின்றாலும் வளரும். சூடு கூடினால் வேகமாக வளரும். நூறு வீதம் ஏற்றிவிட்டு நாட்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் வளரும். ஆகவே "58,000தான் ஓடினது" என்பது பாதிக் கதை. மிச்சப் பாதி, அந்தக் கார் எந்த ஊர் வெயிலில், எத்தனை வருசம், எவ்வளவு சார்ஜோடு நின்றது என்பது.

லீஃபுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. பல மின்கார்களில் பற்றரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடும். இந்த லீஃப்களில் அது கிடையாது, காற்றுப்பட்டு ஆறினால்தான் உண்டு. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் லீஃப் வைத்திருந்தவர்கள், ஒன்றிரண்டு வருசத்திலேயே கட்டம் விழுகிறது என்று வழக்குக்குப் போனார்கள். அதன்பிறகுதான் நிஸான் அங்கே ஐந்து வருசம் அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கட்டத்துக்குக் கீழே போனால் திருத்தித் தருவோம் என்று பற்றரிக் கொள்ளளவுக்கே தனி உத்தரவாதம் கொடுத்தது.

இலங்கையிலும் இந்தக் கதை நடந்தது. 2014, 2015 காலத்தில் வரி குறைவாக இருந்ததால் கொழும்பில் பழைய லீஃப்கள் நிறைய இறங்கின. 2015 கடைசியில் வந்த வரவு செலவுத் திட்டத்தில் வரி ஏறியது, இறக்குமதி படுத்தது. கார்கள் மட்டும் வெயிலில் நின்றன. ஆக்லாந்து இந்த விசயத்தில் பாக்கியம் செய்த ஊர். கோடையிலும் வெப்பம் 25 பாகையைச் சுற்றித்தான், குளிர்காலத்திலும் உறையும் குளிர் அபூர்வம். பற்றரிக்கு இதைவிட இதமான காலநிலை தேடிப் பிடிக்க வேண்டும்.

அதற்காக எல்லா மின்காரும் இப்படித் தேயும் என்று பயப்படவும் வேண்டாம். கனடாவின் ஜியோடாப் நிறுவனம் ஆயிரக்கணக்கான மின்வாகனங்களின் தரவைப் பார்த்து 2024இல் சொன்னது, சராசரித் தேய்மானம் வருசத்துக்கு 1.8 வீதம் என்று. பழைய லீஃப் அந்தச் சராசரியை விட மோசமான பக்கம். ஆனால் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருப்பதும் அந்தப் பழைய லீஃப்தான்.

எண்ணும் பொய் சொல்லும்

பற்றரியின் நிலையைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகும் ஒரு சின்ன புளூடூத் கருவி, ஃபோனில் லீஃப் ஸ்பை என்ற செயலி. செருகினால் பற்றரியின் நலம் இத்தனை வீதம், வேகச் சார்ஜ் இத்தனை தடவை, சாதாரண சார்ஜ் இத்தனை தடவை என்று எல்லாம் வரும். நூறு டொலருக்குள் முடிகிற காரியம்.

ஆனால் அந்த எண்ணையும் வேதவாக்காக எடுக்க முடியாது. இதற்கு நியூசிலாந்திலேயே நல்ல உதாரணம் உண்டு. ஃபிளிப் த ஃபிளீட் என்று ஒரு திட்டம். மின்கார் வைத்திருக்கும் சாதாரண சனம் தங்கள் காரின் எண்களை மாதாமாதம் பதிந்து அனுப்பும், ஆய்வாளர்கள் அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். 2018 மார்ச்சில் 283 லீஃப்களின் கணக்கை வெளியிட்டார்கள். 24 யூனிட் கார்கள் வருசத்துக்கு ஏறத்தாழ 3 வீதம் இழக்க, அதைவிடப் புதிய 30 யூனிட் கார்கள் ஏறத்தாழ 10 வீதம் இழப்பதாகக் காட்டின. வைத்திருந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது.

சில மாதத்தில் காரணம் வெளியே வந்தது. பற்றரி அவ்வளவு தேயவில்லை. பற்றரியின் அளவைக் கணக்கிடும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருள்தான் பிழையாகக் காட்டியது. நிஸான் திருத்தம் வெளியிட்டது. திருத்தம் ஏற்றிய கார்களில் எண் திரும்ப மேலே ஏறியது. காசு செலவழித்து ஆய்வுகூடம் வைத்திராத சாதாரண ஆக்கள் எண்களை மறைக்காமல் பகிர்ந்ததால் வந்த பலன் அது.

பிழை மறுபக்கமும் போகலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஞாபகத்தை அழித்துவிட்டால் தேய்ந்த பற்றரியும் கொஞ்ச நாளைக்குப் பன்னிரண்டு கட்டத்தைக் காட்டும். ஓடோமீற்றரைத் திருப்புகிற பழைய வேலையின் புது வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மருமகனின் காருக்கு வருவோம். அடுத்த நாள் இருவரும் போய்ப் பார்த்தோம். நல்ல வண்டி, சீற்றில் ஒரு கறை இல்லை. கருவியைச் செருகினோம். பற்றரி நலம் 98 வீதம் என்றது. பத்து வருசம் தாண்டின லீஃபுக்கு 98 என்பது, எழுபது வயதுக்காரருக்கு ஒரு பல்லும் விழவில்லை, ஒரு முடியும் நரைக்கவில்லை என்கிற மாதிரி. வேகச் சார்ஜ் எத்தனை தடவை என்று பார்த்தால், இரண்டே இரண்டு.

"ஓடிப் பாப்பம்" என்றேன். நூறு வீதம் ஏற்றி வைத்திருந்தார்கள். மோட்டர்வேயில் சரியாக 40 கிலோமீற்றர் ஓடினோம். நல்ல பற்றரி என்றால் 70க்குக் கிட்ட நிற்க வேண்டும். 54இல் நின்றது. மருமகன் ஃபோனை எடுத்துத் தானே கணக்குப் போட்டான். பிறகு கனநேரம் பேசவில்லை.

விற்றவரிடம் சொன்னோம். "கட்டம் பன்னிரண்டு தெரியுதுதானே, நான் வேறு என்ன செய்ய?" என்ற மாதிரிச் சொன்னார். அவர்தான் ஏதும் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. கடல் தாண்டி வந்த வண்டி, எங்கே யார் தொட்டார்களோ. ஆனால் விலை மட்டும் பன்னிரண்டு கட்டத்துக்கு உரிய விலை.

திரும்பி வரும்போது அவன் கேட்டான். "மாமா, 54 எண்டாலும் எனக்கு ஒரு நாளைக்கு 44 கிலோமீற்றர்தானே? போதும்தானே?"

நியாயமான கேள்வி. போதும்தான். மனிசன் நேராக "பற்றரி 70 வீதம், விலை 3,500" என்று சொல்லியிருந்தால் நானே எடு என்று சொல்லியிருப்பேன். தேய்ந்த பற்றரி ஒரு குற்றமில்லை. அதை மறைத்து, புதுப் பற்றரியின் விலைக்கு விற்பதுதான் குற்றம். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததும் இவ்வளவுதான்.

நகர மையத்தில் செருக இடம் எங்கே?

இன்னொரு கேள்வியையும் நாங்கள் கேட்பதில்லை. கார் வாங்கலாம், எங்கே சார்ஜ் பண்ணுவது? புறநகரில் தனிவீடு இருப்பவருக்கு இது பிரச்சினையில்லை. சாதாரண பிளக்கில் போட்டால் இரவு பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ 18 யூனிட் ஏறும். நகர மையத்தில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அநேகமாகத் தரிப்பிடமே இல்லை. இருந்தாலும் அதில் பிளக் இல்லை. பிளக் போட வேண்டுமென்றால் உரிமையாளர் சபையின் அனுமதி வேண்டும். வாடகைக்கு இருப்பவர் அதைக் கேட்கவே முடியாத நிலை.

அப்போது பொதுச் சார்ஜர்தான் வழி. கணக்குப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீற்றர். வீட்டில் யூனிட் 30 சதம் என்று வைத்தால் கிலோமீற்றருக்கு 5 சதம். பொது வேகச் சார்ஜரில் யூனிட் 80 சதம் என்று வைத்தால் 13 சதத்துக்கு மேல். இதற்கு மேல் வீதிப் பாவனைக் கட்டணம். மின்கார்களுக்கு இருந்த விலக்கு 2024 மார்ச் 31உடன் முடிந்தது. ஏப்ரல் 1 முதல் 1,000 கிலோமீற்றருக்கு 76 டொலர், அதாவது கிலோமீற்றருக்கு 7.6 சதம். ஆக, வீட்டில் ஏற்றினால் மொத்தம் 12, 13 சதம். பொதுச் சார்ஜரை மட்டும் நம்பினால் 21 சதம்.

நூறு கிலோமீற்றருக்கு நாலரை லீற்றர் குடிக்கும் ஒரு பழைய ஹைபிரிட் கார், பெற்றோல் லீற்றர் 2.70 டொலர் என்றால், கிலோமீற்றருக்கு 12 சதத்தில் ஓடும். பெற்றோல் விலைக்குள் வீதி வரி அடக்கம். மின்கார் என்றாலே மலிவு என்பது, பிளக் உள்ள வீட்டுக்காரனின் கணக்கு. பழைய மின்கார்களுக்கும் 3,000 டொலருக்கு மேல் தள்ளுபடி கிடைத்த காலம் 2021 ஜூலையில் தொடங்கி 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் வாங்கிய அண்ணைமார் சொல்லும் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது.

இன்னும் இரண்டு விசயம். லீஃபில் இருப்பது சேடெமோ என்ற யப்பானியச் செருகி. புதுக் கார்கள் இங்கே வேறு வகைக்கு, சிசிஎஸ்ஸுக்குப் போய்விட்டன. புதிதாகப் போடும் சார்ஜர்களும் அந்தப் பக்கமே சாய்கின்றன. இரண்டாவது, யப்பானிலிருந்து கூடவே வரும் கேபிளைச் சும்மா ஒரு அடாப்டர் போட்டுச் சுவரில் செருகாதீர்கள். இங்கே 230 வோல்ட். இங்குள்ள விதிக்குப் பொருந்தும் கேபிள்தான் வேண்டும்.

சட்டம் எங்கள் பக்கம், கேட்டால்

எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம். ஏமாந்தால் வெளியே சொல்ல வெட்கம். "சரி, போனது போகட்டும்" என்று விட்டுவிடுவோம். நானும் 2017இல் அப்படித்தான் விட்டேன். விடத் தேவையில்லை.

வாகன வியாபாரியிடம் வாங்கினால் 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் உங்களுக்கு உண்டு. பழைய கார் என்பதற்காக அது இல்லாமல் போகாது. அந்த வயதுக்கும் விலைக்கும் நியாயமான தரம் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நீங்கள் உங்கள் தேவையைச் சொல்லி, அவர் "போதும்" என்று சொல்லி விற்றால், அந்தத் தேவைக்குக் கார் பொருந்த வேண்டும். ஆகவே வாயால் கேட்காதீர்கள். ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "நான் தினமும் மோட்டர்வேயில் 70 கிலோமீற்றர் ஓட வேண்டும், குளிர்காலத்திலும். இந்தக் கார் போதுமா?" பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். பிணக்கு வந்தால் மோட்டார் வாகனப் பிணக்குத் தீர்ப்பாயம் இருக்கிறது. 100,000 டொலர் வரையான வழக்கை அங்கே எடுக்கலாம். ஆனால் தனியாளிடம் வாங்கினால் இந்த உத்தரவாதச் சட்டம் பொருந்தாது. அங்கே பொய் சொல்லி விற்றார் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. வியாபாரி விற்கும் ஒவ்வொரு பழைய காரிலும் ஒரு தகவல் அட்டை தொங்க வேண்டும் என்பது இங்கே சட்டம். விலை, வருசம், ஓடின தூரம் எல்லாம் அதில் இருக்கும். மின்காருக்கு ஓடின தூரத்தை விட முக்கியமான எண்ணான பற்றரி நலத்துக்கும் அதில் கட்டாயமாக ஒரு வரி வர வேண்டும். எண்ணையும், அதை எப்படி அளந்தார்கள், எந்தத் திகதியில் அளந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

இது உலகத்தில் இல்லாத கோரிக்கை அல்ல. ஐ.நா.வின் வாகன விதிமுறை அமைப்பு 2022இலேயே, புது மின்காரின் பற்றரி ஐந்து வருசம் அல்லது 100,000 கிலோமீற்றரில் 80 வீதமும், எட்டு வருசம் அல்லது 160,000 கிலோமீற்றரில் 70 வீதமும் காக்க வேண்டும் என்று விதி வகுத்தது. கலிபோர்னியாவில் 2026 மொடல் முதல் பற்றரி நலத்தை ஓட்டுநரே திரையில் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பெப்ரவரி முதல் மின்வாகனப் பற்றரிக்குக் கடவுச்சீட்டே வருகிறது. இதெல்லாம் புதுக் கார் வாங்கும் நாடுகளின் சட்டம். மற்றவர் ஓட்டி முடித்த காரை வாங்கும் நியூசிலாந்துக்குத்தான் இது கூடத் தேவை. பழைய காரை அதிகம் வாங்குவது யார்? புதிதாக வந்தவர், மாணவர், இரவு வேலைக்காரர். ஆமை விளக்கு எரிந்தால் இழுவை வண்டிக்குக் கொடுக்க அவர்களிடம் காசு இருக்காது.

கார் பார்க்கப் போகுமுன்

போகுமுன் மூன்று வேலை செய்யுங்கள். முதலில் காரை அளக்காதீர்கள், உங்கள் நாளை அளவுங்கள். ஒரு கிழமைக்கு, எங்கே போனேன், எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுங்கள். கூடின நாளின் தூரத்தோடு பாதியைக் கூட்டுங்கள். குளிருக்கும் இனி வரும் தேய்மானத்துக்கும் அது போதும். இரண்டாவது, எங்கே செருகுவது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் மின்கார் விளம்பரமே பார்க்காதீர்கள். மூன்றாவது, கருவியைச் செருகிப் பாருங்கள், பிறகு கட்டாயம் ஓடிப் பாருங்கள். எண்ணும் றோட்டும் ஒரே கதை சொன்னால் நம்பலாம். கருவியைச் செருக விடமாட்டேன் என்பவரிடம் நின்று கதைக்கத் தேவையில்லை, அடுத்த கடைக்குப் போங்கள்.

மருமகன் மூன்று கிழமை கழித்து வேறு ஒரு லீஃப் எடுத்தான். 2016 மொடல், 30 யூனிட், ஓடினது 94,000 கிலோமீற்றர். முதல் காரை விட மிகவும் கூட. ஆனால் பற்றரி 81 வீதம். ஓடிப் பார்த்தோம், ஒத்து வந்தது. விலை 7,400 டொலர். குறைந்த காசை நான் கொடுத்தேன், மாதாமாதம் தருகிறான். விற்ற பெண் கேட்காமலே விலைச்சீட்டில் "பற்றரி நலம் 81 வீதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தா. சார்ஜ் பண்ண அடுக்குமாடியில் வழியில்லை. வேலைத்தலத்து மேலாளரிடம் போய்க் கேட்டான். களஞ்சியத்துப் பக்கச் சுவரில் ஒரு பிளக் இருக்கிறது, வேலை நேரத்தில் போட்டுக்கொள் என்றாராம். நாலைந்து மணி நேரம் போட்டாலே ஒரு நாள் ஓட்டம் ஏறிவிடும்.

போன கிழமை விடியப்புறம் அவனிடமிருந்து ஒரு செய்தி. "மாமா, வீட்டை வந்திட்டன். 71 வீதம் மிச்சம்."

முந்தி இந்த நேரத்துக்கு அவன் பஸ் இல்லாமல் வேலைத்தலத்தில் முதல் பஸ்ஸுக்காகக் காத்திருப்பான். நான் திரும்பப் படுத்து நித்திரை கொண்டேன்.